மார்ச் வரை

கேத்தி பாலாடாவில்
கேரட் கழுவும் மிஷின் வைத்திருக்கிறேன்.
வண்டி கோயம்புத்தூரில் வாங்கியது, செகண்ட் ஹேண்ட்.
ஆர்.சி. என் பேருக்கு மாறியது, இன்சூரன்ஸ் மாறியது,
டிக்கியில் கிடந்த ஒற்றைச் சாக்ஸ்கூட
என்னோடு மலையேறி வந்தது.
மாறாதது ஒன்று இருந்ததை
யாரும் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு போன்.
"பின்பக்கம் இடது டயர்ல காத்து இருபத்தாறுதான் இருக்குங்க."
யாருங்க நீங்க?
"வண்டிய வித்தவன். அருளரசு.
மூணு வருஷச் சந்தா மொத்தமாக் கட்டிட்டேன்,
மார்ச் வரைக்கும் இருக்கு.
எடுக்கத் தெரியல. மெசேஜ் வந்துட்டே இருக்கு."

மூட்டை தைத்துக்கொண்டிருந்த போஜன்
ஊசியைப் பல்லில் கடித்தபடி கேட்டான்:
"அப்ப நீங்க எங்க போறீங்கன்னு
அந்தாளுக்குத் தெரியுமாக்கா?"
அன்று மாலை குன்னூர் போகாமல்
வேண்டுமென்றே வேலி வியூவில்
இருபது நிமிடம் சும்மா நின்றேன்.
பார்க்கட்டும்.

டயரில் ஆணி இருந்தது.
இருபத்தாறேதான்.

ஷோரூமில் விசாரித்தேன்.
போனிலிருந்தே ஏசி போடலாம் மேடம், என்றான் பையன்.
எங்க ஊர்லயா தம்பி?
கூரையில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால்
ஆள் பேசுவாராம்.
சிக்னல் இருந்தால், என்றேன்.
சிக்னல் இருந்தால், என்று அவனும் தலையாட்டினான்.
வருடத்துக்கு ஐயாயிரத்து எண்ணூறு.
மூட்டைக்கு நாற்பது ரூபாய் கழுவு கூலியில்
நூற்று நாற்பத்தைந்து மூட்டை.
பொத்தான் மட்டும் போதும்.
தனியா வராதுங்க மேடம், பேக்கேஜ்தான்.
பொத்தான் ஏற்கெனவே என் வண்டிக் கூரையில் இருக்கே.
அதுக்குப் பின்னால இருக்கிற ஆளுக்குத்தான் மேடம் சந்தா.
அன்று அவன் சொன்னதில்
அது ஒன்றுதான் பதில்.

நவம்பரில், எல்லநள்ளி தாண்டி,
ரோட்டின் குறுக்கே கற்பூர மரம்.
சந்து இருக்கிறதா பார்க்க இறங்கி நடந்தேன்.
முப்பதடி இருக்கும்.
திரும்பினால் வண்டி இல்லை.
விளக்கை அணைத்துவிட்டு இறங்கியிருந்தேன், பழக்கதோஷம்.
போன் டார்ச் அடித்தேன்,
வெள்ளை இன்னும் வெள்ளையானது.
இடப்பக்கம் பள்ளம் என்று தெரியும்.
இடப்பக்கம் எது என்று தெரியவில்லை.
காட்டுமாடு மூச்சு விடும் சத்தம்
அல்லது என்னுடையது.

போன் அடித்தது. ஒரே ஒரு கோடு சிக்னல்.
"பத்து நிமிஷமா கதவு திறந்திருக்குன்னு வருதுங்க.
எல்லாம் சரியா?"
சொன்னேன்.
"அப்படியே நில்லுங்க."
எங்கோ கீழே, பீளமேட்டில்,
டிவி ஓடிக்கொண்டிருந்த ஹாலில்
ஒரு கட்டைவிரல் அழுந்தியது.
என் வண்டி ஹாரன் அடித்தது.
நான் நேர் எதிர்ப்பக்கம்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் முடிந்தது.
ஏப்ரலில் ஒருநாள் கூப்பிட்டார்.
"இப்ப ஒண்ணும் காட்டல. வண்டி நல்லாருக்கா?"
ஓடுதுங்க.
கேரட் என்ன விலை என்று கேட்டார். சொன்னேன்.
அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் இல்லை.

ஷோரூம் பையன் இன்னும் மெசேஜ் அனுப்புகிறான்,
இருபது சதவீதம் தள்ளுபடியாம்.
கட்டவில்லை.
கட்டமாட்டேன் என்றும் சொல்லவில்லை.
கட்டினால் அந்தப் பக்கம் பேசப்போவது யார் என்று
கேட்டு அனுப்பியிருக்கிறேன்,
பதில் வரவில்லை.

மிஸ்டில் இறங்கினால்
இப்போதெல்லாம் விளக்கை எரியவிட்டே இறங்குகிறேன்.
கதவை மட்டும், ஏனோ,
சாத்துவதில்லை.