உண்டியல்

தேவகோட்டை ஊருணி வறண்டு கிடந்ததால்
எனக்கான யோர்தான்
டேங்கர் லாரியில் வந்தது.
டிரைவர் முத்துக்கருப்பன் குழாயைத் தொட்டிக்குள் சொருகிவிட்டு
"முழுக்கு யாருக்கு?" என்றான்.
கை தூக்கினேன்.
"இந்த வயசிலயா?"

ஐம்பத்தொன்று.
அதில் இருபத்தாறு வருஷம் அடகுக்கடைப் பேரேடு.
போதகரிடம் முதலில் போனது ஓர் இரவில்,
ஷட்டரை இறக்கிய பின், யாரும் பார்க்காதபடி.
அவர் வேதத்தைப் புரட்டி
அப்படியே இருட்டில் வந்த இன்னொருவனைக் காட்டினார்.
படித்தவன். நரைத்தவன்
திரும்பத் தாய் வயிற்றுக்குள் போவதெப்படி என்று
கணக்குக் கேட்டவன்.
எனக்கு அவனைப் பிடித்துப்போயிற்று.

ஆனால் என் கேள்வி அம்மா.
தொண்ணூற்றெட்டில் போய்ச் சேர்ந்தாள்,
இந்தப் பெயரே காதில் விழாமல்.
போதகரே, சிலுவைக்கு முன்னால் செத்தவர்கள்?
கூடாரத்துக்கு வெளியே நட்சத்திரம் எண்ணிய கிழவன்,
பிளந்த கடலின் சேற்றில்
பிள்ளையைத் தோளில் போட்டு ஓடியவள்,
ஏழுமுறை முங்கிய குஷ்டரோகித் தளபதி,
இவர்களெல்லாம் மறுபடி பிறந்தார்களா?
பதிவு எந்த ஏட்டில்?

ஞானசிகாமணிப் போதகர்
நெடுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.
"கிழவன் நம்பினான்.
நம்பியதை அவன் பேரில் வரவு வைத்தார்கள்."

வரவு.
அது என் தெருச் சொல்.
முதலாளியின் மரப்பெட்டியில் பார்த்திருக்கிறேன்,
ரங்கூனில் எழுதிய உண்டியல்.
பழுப்பேறிய ஒரு துண்டு.
பணம் கடலுக்கு அந்தப் பக்கம்,
கெடு வரும்வரை வெறும் தாள்.
ஆனாலும் அதை மடியில் முடிந்தவன்
பணக்காரனாகத்தான் கப்பலேறினான்.

அப்படியானால் அவர்களும்
தேதி போடாத தாளை முடிந்துகொண்டு
கண்மூடியிருக்கிறார்கள்.
ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம்
எருசலேமுக்கு வெளியே ஒரு மேட்டில்
எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பட்டுவாடா.
பக்கத்தில் தொங்கிய திருடனிடம்
தாளே இல்லை. அவனுக்கும் கொடுத்தார்கள்.

அம்மாவிடம் என்ன தாள் இருந்தது?
அடுத்த வீட்டுப் பிள்ளைக்குத்
தன் கஞ்சியில் பாதி ஊற்றுவாள்.
அது வரவாகுமா என்றேன்.
"செய்தது எதுவும் வரவாகாது" என்றார்,
என் முகத்தைப் பார்க்காமல்.
பிறகு,
"பேரேடு என் கையில் இல்லை, அடைக்கலம்."

இருபத்தாறு வருஷத்தில்
எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்லாத வாக்கியம்.
அதற்காகத்தான் தொட்டிக்குள் இறங்கினேன்.

பெயரை மாற்றவில்லை.
அடைக்கலம் என்பதற்கு மேல் என்ன வைப்பது என்றார்.
தண்ணீரில் லாரியின் சூடு, துரு வாசம்.
எழுந்தபோது பழையவன் செத்தானா தெரியவில்லை,
மூட்டுவலி இருந்த இடத்திலேயே இருந்தது.
மூக்கில் நீரேறி
பேறுகால அறைப் பிள்ளை மாதிரிக் கத்திவிட்டேன்.
நாலைந்து பேர் சிரித்தார்கள்.

முத்துக்கருப்பன் ரசீதுப் புத்தகத்தை விரித்தான்.
பத்தாயிரம் லிட்டர், ஆயிரத்து நானூறு.
"பேர் என்ன போடட்டும்?"
சிவப்பாயி என்றேன்.
எழுத்துப்பிழையோடு எழுதினான்.
நான் திருத்தவில்லை.