பன்னிரண்டாவது லேஅவுட்

பதினொன்று போதும் என்றுதான் இருந்தேன்.
தலைப்புப் பக்கம், பிரிவுப் பக்கம்,
இடது படம் வலது எழுத்து,
மூன்று பத்தி, ஒற்றைப் பெரிய எண்,
கடைசியில் நன்றி.
ஆறு நிறம். இரண்டு எழுத்துரு.
ஓரத்தில் ஒன்றரை விரல் வெற்றிடம்;
அதற்கு மட்டும் நான்கு மீட்டிங்.

லோகோவை மாஸ்டரில் பூட்டியது
கெம்பராஜுவால்.
கணக்குப் பிரிவு, மூன்றாம் மாடி.
லோகோ இருந்த இடத்தில் இருந்தால் அவனுக்கு இருப்புக்கொள்ளாது,
இழுத்து இழுத்து
கல்லில் பரத்திய மாவாக்கிவிடுவான்.
வெள்ளையில் மஞ்சளாக எழுதுவான்.
பத்து வரிக்கு நான் விட்ட அட்டவணையில்
நாற்பது வரி.
பெட்டி சின்னது, நான் என்ன செய்ய என்பான்.
எழுத்தே தெரியவில்லை என்றால்
'ஹத்திர பந்து நோடி மேடம்'
கிட்ட வந்து பாருங்கள்.

ஒரு செவ்வாய் இரவு பதினொன்றே கால்.
மனிதவளத்திலிருந்து பிரியம்வதா:
காலை ஒன்பதரைக்கு ஒரு ஸ்லைடு.
கெம்பராஜு. பெள்ளந்தூர் மேம்பாலம். மழை. டூவீலர்.
நம் டெம்ப்ளேட்டிலேயே இருக்கட்டும், ப்ளீஸ்.

பதினொன்றையும் திறந்து பார்த்தேன்.
'இம்மாத ஊழிய'ரின் படச்சட்டம் அளவாக இருந்தது,
மூலையில் நட்சத்திரம்.
ஒற்றைப் பெரிய எண்ணில்
முப்பத்தேழு என்று அடித்தேன்.
அழித்தேன்.
பெயரைத் தட்டினால்
முன்னால் ஒரு புள்ளி வந்து நிற்கிறது,
அதை அழித்தால் அடுத்த வரியில் போய் நிற்கிறது.

புதிதாக ஒன்று செய்தேன்.
பக்க எண் வேண்டாம்.
அடியில் 'ரகசியம், உள்சுற்றுக்கு மட்டும்' வேண்டாம்.
லோகோவின் பூட்டைத் திறந்து
அதையும் வெளியே வைத்தேன்.

படம் கிடைத்தது ஒன்றுதான்,
நந்தி மலையில் பதினெட்டுப் பேரோடு.
இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே வந்தேன்.
தோளில் ஒரு கை தங்கிவிட்டது.
இன்னும் உள்ளே வெட்டினால் காது போகிறது.
வெள்ளி மோதிரம் போட்ட கை.
யாருடையது என்று கேட்க அந்நேரம் யாரும் விழித்திருக்கவில்லை.
விட்டுவிட்டேன்.

'தலைப்பைச் சேர்க்க இங்கே சொடுக்கவும்'
சொடுக்கினேன்.
கன்னடத்திலும் பெயர் வேண்டும் என்று தோன்றியது.
காசு கொடுத்து வாங்கிய எழுத்துருவில் கன்னடம் இல்லை,
வெறும் கட்டங்களாக வந்தது.
இலவசமாக ஒன்றை இறக்கிப் போட்டேன்.
மூன்றாவது எழுத்துரு.
இரண்டுக்கு மேல் கூடாது என்று அவனிடம்தான்
அதிகம் கத்தியிருக்கிறேன்.

காலையில் இரண்டு நிமிடம் எல்லோரும் நின்றோம்.
புரொஜெக்டரின் விசிறி மட்டும் சுற்றியது.

அவசரத்தில் அதை மாஸ்டரிலேயே சேமித்திருக்கிறேன்.
மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது.
சேல்ஸ் ரிவ்யூ. விக்ராந்தின் ஏழாவது ஸ்லைடு.
அதே சட்டத்துக்குள் புனே வாடிக்கையாளர் ஒருவர்,
பல் வரிசை முழுவதும் தெரிய.
பெயர் இருந்த இடத்தில்
மேற்கோள் குறிக்குள் ஒரு பாராட்டு.
'புது லேஅவுட்டா? என்ன ஒரு அமைதி!'
என்றார் என்னைப் பார்த்து.
கைதட்டினார்கள்.
நான் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
மேசைக் கோடியில் ஒரு கை மட்டும்
தட்டாமல் மூடியபடி கிடந்தது.
அத்தனை தூரத்திலிருந்து
மோதிரம் இருந்ததா என்று தெரியவில்லை.
எழுந்து கிட்டப் போகவும் இல்லை.

அன்றிரவு பன்னிரண்டாவதில்
லோகோவைத் திரும்ப வைத்தேன், பக்க எண்ணையும்.
இனி விக்ராந்த் எடுத்துக்கொள்ளட்டும்.
இங்கே ஒன்றை மாற்றினால் எல்லாப் பக்கமும் மாறும்
என்று புதிதாகச் சேர்கிறவர்களுக்குச் சொல்வது வழக்கம்.
அது பாதிதான்.
ஏற்கெனவே அனுப்பிவிட்ட கோப்புக்கு
எதுவும் போய்ச் சேராது.
பிரியம்வதாவின் கணினியில், ஏதோ ஒரு ஃபோல்டரில்,
புதன் காலைக்கான ஒற்றைப் பக்கம்
மூன்று எழுத்துருக்களோடும்
அந்தக் கையோடும்
அப்படியே இருக்கும்.