இல்லாதவற்றைக் காட்டு

செக்காலையில், மருந்துக்கடை மாடியில்,
ஒரே ஒரு பதினைந்து ஆம்ப் ப்ளக்.
ஏசி ஓடினால் எக்ஸ்பி படுத்துவிடும்.
அதனால் ஏசியைப் படுக்க வைத்திருக்கிறேன்.

காலை ஒன்பதுக்குள்
பள்ளத்தூர் கல்யாணத்துக்கு எட்டுப் பாட்டு ட்ராக் போகவேண்டும்.
பீர்முகமது புதுக் கீபோர்டை மேசையில் வைத்துவிட்டுப்
பரோட்டா வாங்கப் போயிருக்கிறான்.
செருகினேன்.
டிங் என்றது. விளக்கும் எரிந்தது.
பட்டியலில் மட்டும் பெயர் வரவில்லை.

பிடுங்கி, பக்கத்துத் துளையில் செருகினேன்.
பதினொரு வருஷமாக நான் செய்துவரும் தப்பு
அதுதான் என்று அப்போது தெரியாது.

புதுசு வாங்கேன் என்பார்கள்.
இந்த மென்பொருளுக்குச் சாவி ஒரு டாங்கிள்,
பிரிண்டர் துளையில் மாட்டவேண்டும்.
புதுக் கம்ப்யூட்டருக்கு அந்தத் துளையே கிடையாது.
நானூற்றுப் பன்னிரண்டு பாட்டு உள்ளே கிடக்கிறது,
வேறெங்கும் திறக்காது.

ரெஜிஸ்ட்ரிக்குள் போனேன்.
மிடி. மிடி ஒன்று. மிடி இரண்டு.
ஒன்பதோடு வரிசை நின்றது.
ஆகப் பத்து நாற்காலி.
பத்திலும் ஆள்.
அறையில் இருப்பதோ
பழைய வெள்ளைக் கீபோர்டு, ஒரு ட்ரம் பெட்டி, நான்.

கறுப்புத் திரையில் அடிக்க ஒரு கட்டளை உண்டு.
நீளமானது, அடிக்கோடுகள் நிறைந்தது.
அர்த்தம் இவ்வளவுதான்:
இல்லாதவற்றைக் காட்டு.

சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தன.
திருச்சிக்கே திருப்பி அனுப்பிய ட்ரம் பெட்டி.
ஐப்பசி மழையில் தண்ணீர் குடித்த மாட்யூல்.
தேவகோட்டை ட்ரூப் வாடகைக்கு எடுத்து
வாடகையும் தராமல் பெட்டியும் தராமல் போனது.
பினாங்குத் தம்பி லீவில் வந்தபோது
அரைமணி நேரம் மாட்டிப் பார்த்த என்னவோ ஒன்று.
அப்புறம் அந்த ஒரே வெள்ளைக் கீபோர்டு, நான்கு தடவை,
ஒன்று உயிரோடு, மூன்று சாம்பலாக.
துளை மாறும்போதெல்லாம்
புது ஆள் என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறது.

மிடி ஆறு, வயிரவனுடையது.

நகரக் கோயிலில் புள்ளிக் கணக்கு எழுதுவார்கள்.
கல்யாணமானால் ஒரு புள்ளி.
புருஷன் போனால் அரைப்புள்ளி.
போன மாசியில் என் பெயருக்கு நேரே
அரை என்று போட்டு, அரைக்கு உண்டான வரி வாங்கி
ரசீது கொடுத்தார்கள்.
மீதிச் சில்லறை சரியாக இருந்தது.

இந்த இயந்திரத்தில் அரை கிடையாது.
போனவனும் முழுசு.
இருக்கிறவள் கொண்டுவந்ததற்கு
இடமில்லை என்கிறது.

ராத்திரி பதினொன்றே காலுக்கு, தனியாக,
சத்தம் போட்டுச் சிரித்தேன்.

வெள்ளையின் மூன்று சாம்பலையும் அழித்தேன்.
நிச்சயமா என்று கேட்டது. நிச்சயம்.
ட்ரம் பெட்டி. மாட்யூல். பினாங்கு.
தேவகோட்டைக்காரர்களை ரெண்டு தடவை அழித்திருப்பேன்,
ஒரு தடவைக்குத்தான் வழியிருந்தது.
அம்பு மிடி ஆறின்மேல் வந்து நின்றது.
அதற்குள் ஏழு இடம் காலி, தேவைப்படவில்லை.
தேவைப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று
இப்போது யோசிக்கிறேன்.
அப்போது ரீஸ்டார்ட்டை அமுக்கிவிட்டு
ஜன்னலைத் திறந்தேன், அவ்வளவுதான்.

பீர்முகமது வந்தான். சால்னா பை ஒழுகியிருந்தது.
புதுக் கீபோர்டின் பெயர் மூன்றாவதாக வந்திருந்தது.
ஒரு கட்டையைத் தட்டினான், ட்ரம்பெட் கேட்டது.
உதடு பிதுக்கி, பரவாயில்லை என்றான்.
பிறகு திரைக்குக் குனிந்து,
ஆறுல ஏதோ சாம்பலா நிக்குதே ஆச்சி, எடுத்துரவா?

இருக்கட்டும், அதுக்கு வரி கட்டியாச்சு.

டிராயருக்கடியில் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் கிடந்தது,
மூடி இறுகி, மூன்று வருஷமாக.
பல்லால் திருகித் திறந்து
ஒவ்வொரு துளைக்கும் மேலே ஒரு எண் போட்டேன்.
வெள்ளை இனி ஒன்றில்தான். புதுசு இரண்டில்தான்.
யாரும் மாற்றிச் செருகக் கூடாது, நானும்தான்.

மோதிரவிரல் நகத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.
துடைக்க நேரமில்லை.
இன்னும் ஏழு பாட்டு பாக்கி.