நாற்பத்தாறு

இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும்போது
ஒரு வெட்டு வெட்டுகிறது என்றார் பிரகலாதன்.
"பின்னால இருந்து யாரோ முதுகுல தட்டுற மாதிரி."
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேன்.
மூன்றாம் டிவிஷனில் இருட்டோடு கிளம்பி
பீடோருக்கு வரும்.
கியர் பெட்டியையே இறக்க வேண்டும் என்றானாம் எதிர்க்கடை ஆ லோக்,
ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.

நான் எதையும் இறக்குவதில்லை.
ஸ்டியரிங்கின் அடியில் ஒரு சாக்கெட் இருக்கிறது,
முழங்காலுக்கு மட்டும் தெரிந்த இடம்.
அதில் பதிவுக்கருவியைச் செருகி
ஒரு வாரம் ஓட்டுங்கள் என்றேன்.

சனிக்கிழமை மழை.
செம்பனைக் குலை லோரிகள் எடைமேடைக்கு வரிசை நிற்க
தகரத்தின் கீழே மடிக்கணினியைத் திறந்தேன்.
திரையில் ஒரு மனிதரின் வலது கால்
ஐந்து நாளாக நடந்துகொண்டிருந்தது.

தினமும் ஐந்து ஐம்பத்தெட்டு.
வேகம் நாற்பது.
மிதி இருபதிலிருந்து ஆறுக்கு விழுகிறது.
சரி, இவருக்கு அவசரமில்லை என்று
பெட்டி மூன்றுக்கு ஏறுகிறது.
ஏறிய நொடியில் கால் மறுபடி அழுத்த,
திகைத்து இரண்டுக்கு இறங்குகிறது.
அதுதான் வெட்டு.
போகலாம் என்றதும் செருப்பு மாட்டியவனை
இல்லை உட்கார் என்றால்
அவனும் ஒரு வெட்டு வெட்டத்தான் செய்வான்.

ஆனால் ஏன் அங்கே மட்டும்?
பதிவில் ஊர் இல்லை. நேரமும் வேகமும்தான்.
நானே கதை கட்டினேன்:
யாரையோ பறிகொடுத்த வளைவு.
அல்லது யாரோ ஒருத்தி விளக்குப் போடும் லயம்.
கேள்வி நாக்கு வரை வந்தது,
முன்பணத்தைப் பற்றிப் பேசி முடித்தேன்.

திங்கட்கிழமை முன்சீட்டில் ஏறிக்கொண்டேன், மடிமேல் கணினி.
பின்னால் பதினோரு பிள்ளைகள்.
ஒருத்தி ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள்.
ஆலைப் புகை தார்மேல் இறங்கிக் கிடந்தது.
தண்ணீர்த்தொட்டி தாண்டியதும் கால் எழுந்தது.

சாலை நடுவில் ஒரு நாய்.
செம்பழுப்பு, ஒரு காது பாதி.
நேற்றைய வெயிலைத் தார் இன்னும் வைத்திருக்கும் இடமாகப் பார்த்துப்
படுத்திருந்தது. கண்ணைக்கூடத் திறக்கவில்லை.
வேன் அதைச் சுற்றிப் போனது.
வெட்டு விழுந்தது,
ஏழாறு என்ற இடத்தில் வாய்ப்பாடு அறுந்தது.
"எழுந்திரிக்காது, குணசீலி. ஹாரன் அடிச்சிப் பார்த்தாச்சி."
"யார் வீட்டு நாய்?"
"யார் வீட்டுதும் இல்ல."

பள்ளி வாசலில் பிள்ளைகள் இறங்கிய பிறகு
அட்டவணையைத் திறந்தேன்.
லேசான மிதி, இரண்டிலிருந்து மூன்று: முப்பத்துநான்கு.
அழித்துவிட்டு நாற்பத்தாறு என்று அடித்தேன்.
பக்கத்துக் கட்டங்களையும் கொஞ்சம் மேலே இழுத்துவிட்டேன்.
இறங்கும் எண்ணைத் தொடவில்லை.
ஏற ஓர் எண், இறங்க ஓர் எண். இரண்டும் உரசினால்
பெட்டி நாள் முழுக்கப் படியேறி இறங்கியே தேய்ந்துபோகும்.

"எண்ணெய் கொஞ்சம் கூடுதலாக் குடிக்கும்," என்றேன்.
"எவ்வளவு?"
"மாசம் நாலு வெள்ளி."
"அது திங்கிற ரொட்டி சானாய்க்கு அதைவிட ஆகுது."

மறுநாள் தண்ணீர்த்தொட்டியடியில்
கால் எழுந்தது.
பெட்டி இரண்டிலேயே இருந்தது.
கால் திரும்பி வந்தது.
ஏழாறு நாற்பத்திரண்டு என்றது பின்சீட்டு,
ஏழேழு நாற்பத்தொன்பது.

வேன் ஒருநாள் கைமாறும்.
கிள்ளானில் ஒருவர் வந்து சொல்வார்,
இரண்டிலேயே ரொம்ப நேரம் இழுக்கிறது என்று.
யாரோ ஒருவன் அட்டவணையைத் திறப்பான்.
சமமான எண்களுக்கு நடுவே அந்த மேட்டைப் பார்ப்பான்,
எந்த முட்டாள் செய்த வேலை என்பான்,
முப்பத்துநான்கு என்று அடிப்பான்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை.
அவன் பார்க்கிற சாலையில்
யாரும் படுத்திருக்கவில்லை.