வெட்டும் எந்திரம், எண் மூன்று

பால்டிக் கடலோரம், ரோயா.
புகையிட்ட மீனைக் காகிதம்போல் சீவுகிற கூடத்தின் வாசலில்
ஒரு பலகை:
மோதிரம், கடிகாரம், காதணி
கழற்றிவிட்டு உள்ளே வரவும்.

ஸ்கைட்ரீட்டேயின் மோதிரம் கழலாது.
இரவு முறையில் முப்பது குளிர்காலம் நனைந்த விரல்;
கணு வீங்கிப் பொன்னை விழுங்கிவிட்டது.
அதன்மேல் நீலப் பிளாஸ்திரி,
அதன்மேல் இரண்டு கையுறை.
கணவன் போய்ப் பன்னிரண்டு வருடம்.
கடலுக்குள் அல்ல,
யெல்காவாவில் இன்னொருத்தியிடம்.

நான் ரீகாவில் தட்டுகளைப் படிக்கிறவன்.
மாதம் ஒருமுறை அங்கிருந்து பஞ்சுக்குச்சிகள் வரும்.
மாதம் ஒருமுறை அதே நீலப்பச்சைப் புள்ளிகள்,
சுற்றிலும் பால்போல் ஒரு வட்டம்.
லிஸ்டீரியா.
அதே குலம், அதே கோத்திரம், பதினோரு வருடமாக.
இரண்டு மேலாளர்கள் ஓய்வு பெற்றார்கள்,
கூரையைக்கூட மாற்றினார்கள்,
இது மட்டும் இன்னும் வேலையில் இருக்கிறது.

அதற்குள்ளும் ஒரு மோதிரம்.
குரோமோசோமோடு சேராமல் தனியே கிடக்கும்
சின்ன டிஎன்ஏ வளையம், பிளாஸ்மிட்.
அதில் எழுதியிருப்பது காவியம் ஒன்றுமில்லை:
கிருமிநாசினி புகுந்தால் வெளியே இறைக்க ஒரு பம்பு,
சூட்டில் சுருண்ட புரதத்தை நீவி நிமிர்த்த ஒரு கை,
காட்மியத்துக்கு எதிராக ஒரு பூட்டு.
மீன் கூடத்தில் காட்மியம் ஏது?
எந்தப் பழைய ஊரின் பழைய பயமோ.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
இது நினைக்கிறது.
உப்பிட்ட கையை, புகையிட்ட கையை,
இரவு பத்து மணிக்கு நுரையடிக்கிற கையை.
நினைத்ததை
இரண்டு பாதிக்கும் எழுதிவைத்துவிட்டுத்தான் பிளக்கிறது.

சுமைதான், இல்லையென்று சொல்லவில்லை.
என் குடுவையில், கொழுத்த சாற்றில்,
முப்பத்தேழு டிகிரி இதத்தில் வளர்த்துப் பார்த்தேன்.
சில வாரங்களில் சில மகள்கள்
வளையத்தைக் கைவிட்டு விறுவிறுவெனப் பெருகினார்கள்.
ஒரு மாலை இரண்டு துளி நுரைமருந்து விட்டேன்.
காலையில் இருந்தவர்கள்
சொத்தை விற்காதவர்கள்.

அக்டோபரில் தணிக்கைக்கு விஸ்வால்டிஸ் வந்தார்.
வடிகாலைப் பார்த்தார், கதவு ரப்பரைப் பார்த்தார்,
பிறகு நீலப் பிளாஸ்திரியைப் பார்த்தார்.
"இதோ" என்றார்.
அந்த ஒரு சொல்லில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.
நடைபாதையில் அவளை உட்காரவைத்து
சோப்பு போட்டார்கள், நூல் சுற்றினார்கள்,
கடைசியில் கம்பி வெட்டுகிற கத்தரி.
அவள் ஒன்றும் பேசவில்லையாம்.
வேறு யாருடைய விரலோ என்பதுபோல்
பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

உறையில் இரண்டு துண்டுப் பொன் எனக்கு வந்தது.
ஐந்து நாள் வைத்துப் பார்த்தேன்.
தட்டு, பனி விழுந்த வயல்.
ஒரு புள்ளி இல்லை.

நவம்பரில் மூன்றாம் எண் எந்திரத்தை
அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தபோது
உருளைக்குள் பொந்து விழுந்த ஒரு போல்ட்,
அதற்குள் பேனா நிப்பளவு சொதசொதப்பு.
அங்கே இருந்தது, குடும்பத்தோடு,
வளையம் போட்டபடி.

அறிக்கையில் போல்ட்டுக்கு ஒரு பக்கம்.
மோதிரத்துக்கு ஒரு வரி: கண்டறியப்படவில்லை.
மன்னிப்புக்கு அந்தப் படிவத்தில் கட்டம் கிடையாது.
துண்டுகளைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பினேன்.

ஜனவரியில் ஒரு அஞ்சலட்டை.
ஒட்டவைக்கப் போவதில்லையாம்.
விரலில் அந்த இடம் மட்டும் மெழுகுபோல் வெளுத்திருக்கிறதாம்.
இரண்டு கையுறை போட்டாலும்
நுரையடிக்கும்போது
முதலில் எரிவது அங்கேதானாம்.