பெருக்கி

விளக்கைச் சொடுக்கினால் ஒரு பெட்டி திறக்கிறது.
எத்தனை லூமென்?
ஆறாயிரம். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பது.
என்ன வெள்ளை?
ஆறாயிரத்து ஐநூறு கெல்வின்,
சாயம் பார்க்கிறவர்கள் மஞ்சளை நம்புவதில்லை.
அதற்கும் கீழே ஒரு வரி,
யாரும் படிப்பதில்லை:
இழப்புக் காரணி 1.0
அதுவாகவே வந்து உட்கார்ந்திருக்கும் எண்.
இந்த விளக்கின்மேல் எக்காலத்திலும்
தூசு படியாது என்று அர்த்தம்.

சாய்பாபா காலனி, இரண்டாம் மாடி.
பகல் பதினொன்றுக்கே திரைச்சீலை இழுத்த அறை.
பல்லடம் ரோட்டில் வரப்போகிற செக்கிங் ஹால்
என் திரையில் புள்ளி புள்ளியாய்த் தெளிகிறது.
நூற்றிருபது அடி நீளம், தொண்ணூற்றாறு விளக்கு,
மேஜைக்கு இரண்டு பெண்கள்
முகம் கிடையாது, நிழல் மட்டும் சரியாக விழும்.

படம் இருட்டாக வந்தது.
மௌனகுருசாமி போனில்:
"ஏனுங் அம்மணி,
அமாவாசையில புடிச்ச போட்டோவாட்ட இருக்குதுங்.
பையர்கிட்டக் காட்டோணும்.
பளிச்சுனு பண்ணிக் குடுங்."

நாற்காலியைத் திருப்பாமலே சம்பத் சார் சொன்னார்:
பெருக்கியைப் பத்தாக்கு.

ஆக்கினேன்.
ஆறாயிரம் அறுபதாயிரமாயிற்று,
கரண்ட் பில் ஒரு பைசா ஏறாமல்.
முகமில்லாதவர்கள் கல்யாண மண்டபத்தில் நின்றார்கள்.
மேஜைமேல் துணி பாலாய்க் கிடந்தது.

கேமராவின் கண்ணைக் கொஞ்சம் திறந்திருக்கலாம்,
எக்ஸ்போஷருக்குத் தனியாக ஒரு கோடு இருக்கிறது.
அங்கே சொன்ன பொய் படத்தோடு நின்றுவிடும்.
விளக்கில் சொன்ன பொய்
அட்டவணைக்குள் இறங்கிவிட்டது.
மேஜைக்கு ஏழாயிரத்து எழுநூறு லக்ஸ் என்றது அட்டவணை.
மௌனகுருசாமிக்குக் கணக்கு வரும்.
"அத்தன எதுக்குங்? பாதி வெளக்கு போதுமுங்."

சனிக்கிழமை, மேஜை அளவெடுக்கப்
பழைய ஷெட்டுக்குப் போனேன்.
பையில் லக்ஸ் மீட்டரும் இருந்தது.
இருநூற்றுப் பத்து.

மூன்று மணிக்குமேல் ஜன்னலோர மேஜைக்குச்
சண்டை நடக்குமாம்.
அன்றைக்குத் தோற்றவள் ருக்குமணி.
குழந்தைச் சட்டைக்குள் செல்போனை நுழைத்து
டார்ச்சைப் போடுகிறாள்.
ஊசிக்கோடு தெரிகிறது.
அரிசிமணி அளவு ஓட்டை தெரிகிறது.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, அடுத்தது.
சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும் என்றேன்.
"ஆறு மணி வரைக்கும் வருமுங்.
அப்பறம் அவளோடத வாங்கிக்குவேன்."

டியூப்லைட் ஒவ்வொன்றிலும்
பஞ்சு படிந்து பூனை ரோமம்போல் ஒரு சாம்பல்.
பிகாஷ் என்கிற ஒடிசாப் பையன்
குச்சி நுனியில் வேஸ்ட் பனியன் சுற்றி
ஒரே இழுப்பில் ஒன்றைத் துடைத்தான்.
கையிலிருந்த மீட்டர்
முந்நூற்று நாற்பதுக்குத் தாவியது.
அடுத்ததைத் துடைக்கவில்லை,
யாரோ சம்பளத்துக்குக் கூப்பிட்டார்கள், ஓடினான்.

ருக்குமணி என் போனில் படத்தைப் பார்த்தாள்.
பெரிதாக்கினாள், மேஜைக்கடியில் தேடினாள்,
பிளக் பாயிண்ட்டாக இருக்கும்.
பிறகு கேட்டாள்:
"உங்க படத்துல பொழுதெறங்குமுங்களா?"

இறங்காது.
முதல்நாள் நான் வைத்த பதினொரு மணி
அப்படியே நிற்கிறது.

திங்கள்கிழமை.
பெருக்கி ஒன்று.
இழப்புக் காரணி, புள்ளி ஆறு.
பாதியாக்கிய விளக்கைத் திரும்பத் தொண்ணூற்றாறாக்கினேன்.
அட்டவணை நானூற்று அறுபத்தைந்து என்றது,
உள்ளது அவ்வளவுதான்.
பையருக்கான படத்தில் கேமராவின் கண்ணைத் திறந்தேன்,
பளிச்சென்றிருந்தது, போகட்டும்.

பிறகு சூரியனை இழுத்தேன்.
கார்த்திகை மாதம், ஆறேகால்.
ஜன்னல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுத்தன.
மேஜைகள் தாங்கின,
தூணை ஒட்டிய கடைசி மேஜையைத் தவிர.
அங்கே நிற்கிறவளின் கை
அவள் நிழலுக்குள்ளேயே இருந்தது.

இன்னும் இரண்டு விளக்குப் போட்டேன்.
தொண்ணூற்றெட்டு.

பாதி போதும் என்ற மனிதரிடம்
இதை எப்படி ஆரம்பிப்பது என்று
போனைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன்.
சார்ஜ் பதினான்கு சதவீதம்.