சுண்டுவிரல் ஓரம்

மாண்ட்ரியலில் ஜனவரி.
காலையில் எபிரேயம், சாப்பாட்டுக்குப் பிறகு பிரெஞ்சு.
வெப்பக் குழாயின்மேல் இருபத்துமூன்று ஈரக் கையுறைகள்.
ஒற்றையாய்க் கிடப்பது யாருடையதென்று
ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் வகுப்பு
வலமிருந்து இடமாக எழுதிக்கொண்டிருக்கிறது.
நாக்கு நுனி வெளியே.
தலைக்குல்லா ஒரு காதுப் பக்கம்.
எழுதி முடித்த சொல்லின்மேலேயே
கை ஊர்ந்து போக வேண்டிய மொழி இது.
வலக்கைக்காரர் எல்லாருக்கும்
சுண்டுவிரல் ஓரத்தில் பென்சில் கரி
மீன் செதில்போல் மினுங்கும்.

நஃப்தாலிக்கு மட்டும் இல்லை.
அவன் இடக்கை வெற்றுத்தாளில் முன்னே போகிறது,
சொற்கள் பின்னே வருகின்றன.
"கடவுள் இடக்கைக்காரர், மோரா" என்றான் ஒருநாள்.
எப்படித் தெரியும் என்றேன்.
உள்ளங்கையை விரித்துக் காட்டினான்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இன்று ஒரு வசனம் பார்த்து எழுதச் சொன்னேன்.
திருப்பெயர் வருமிடத்தில்
ஓர் எழுத்து, ஒரு சிறு கோடு, அவ்வளவுதான்:
பல தடவை சொல்லியிருக்கிறேன்.
தீர்சா நான்கு எழுத்தையும் எழுதிவிட்டாள்.
நன்றாகவே எழுதியிருந்தாள், அழுத்தி,
வால்கள் எல்லாம் சரியாக.

மணி அடித்தது.
ரொட்டிக்கு முன் கைகழுவ வரிசை.
இரு காதுள்ள செம்பு கைமாறிக் கைமாறி வந்தது.
தீர்சா மட்டும் நகரவில்லை.
கையைப் பிறர் கைபோல் தள்ளிப் பிடித்திருந்தாள்.

"மோரா, பெயர் என் கையில் இருக்கிறது.
அதை அழிக்கக் கூடாது.
கழுவாமல் சாப்பிடவும் கூடாது."

பின்னால் யாரோ சிரித்தார்கள்.
யோனினா, பசியில், முழங்கையால் இடித்தாள்.

நான் குனிந்து பார்த்தேன்.
சாம்பல் நிறத்தில் ஓர் ஈசல் இறகு, அவ்வளவே.
"இது வெறும் கறை, தீர்சா. இதில் எழுத்தே இல்லை.
யாராலும் படிக்க முடியாது."

"எனக்குத் தெரியுமே, என்ன எழுதினேன் என்று."

பதினான்கு வருடம் கற்பிக்கிறேன்.
கேள்வி கேட்கக் கேட்க அறிவு என்று
சுவரில் நானே வெட்டி ஒட்டிய எழுத்துகள்.
அவற்றின் கீழே நின்று
சூப் ஆறிக்கொண்டிருக்கிறதே என்றுதான் யோசித்தேன்.
ரப்பியைக் கூப்பிடலாம். அவர் பல் வைத்தியரிடம் போயிருந்தார்.

அதற்குள் அவளே ஒரு தாளைக் கிழித்தாள்.
கழுவிவிட்டு வந்த நஃப்தாலி
நகராமல் அதை அழுத்திப் பிடித்தான்,
இடக்கையால், நீர் சொட்ட.
கையின் ஓரத்தை அதில் வைத்து ஒற்றினாள்,
இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை,
அம்மாவின் உதட்டுச்சாயத்தைத்
துடைப்பவள்போல் முகத்தைச் சுளித்து.

பிறகு அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கச் சொன்னாள்.
பனிக்காலணி வந்த அட்டைப்பெட்டி.
திருப்பெயர் எழுதிய தாள்கள்
குப்பைக்குப் போவதில்லை எங்களிடம்.
மண் இளகியதும், மே மாத வாக்கில்,
மனிதர்களைப்போலவே அவற்றையும் புதைக்கிறோம்.
கிழிந்த பிரார்த்தனைத் தாள்களுக்கும்
போன வருடத் தேர்வுகளுக்கும் நடுவே
ஓர் எழுத்தும் இல்லாத அந்தத் தாளை வைத்தாள்.

கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது.
அவளுக்கும் தெரியும்.
செம்பை வாங்கிக்கொண்டாள்.

மதியம் மதாம் லாவாலேயின் வகுப்பைக் கடந்து போனேன்.
இடமிருந்து வலம். வினைச்சொற்கள்.
கண்ணாடிக்கு அப்பால் நஃப்தாலி,
மணிக்கட்டு வரை கரி,
சட்டைக் கையில் தேய்க்கப் போனவன்
நிறுத்தி,
கறையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.